சொல்லாமல் விட்ட செய்தி

இருக்கன்குடி மாரியம்மனைத் தரிசிக்கச் செல்வோருக்குச் சாத்தூர் தெரிந்த ஊர்தான். அங்குள்ள அரசு மருத்துவமனையில், 2018 டிசம்பரில், கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. கிருமி கலந்த இரத்தம் ஏற்றப்பட்டது. அது சிவகாசி இரத்த வங்கியிலிருந்து வந்தது. கொடுத்த இளைஞருக்குக் கிருமி இருப்பது 2016-லேயே சோதனையில் தெரிந்திருந்தது. அவருக்குத்தான் அச்செய்தி போய்ச் சேரவில்லை! பின்னர் வேறிடத்தில் சோதித்து உண்மையறிந்தவர், தாமே முன்வந்து தெரிவித்தார். அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்டார்.

மருந்தில்லாத காலமா அது? 2004 முதல் அரசே கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. தினமும் தவறாது சாப்பிட்டால் கிருமி அடங்கிக் கிடக்கும், நெடுநாள் வாழலாம். உடம்பு தேறிவிட்டதென்று நிறுத்தினாலோ, மீண்டும் தலைதூக்கும். இவ்வளவையும் 2016-லேயே அவரை உட்காரவைத்துச் சொல்லியிருந்தால்?

அந்தத் தாய்க்கு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். 2019 ஜனவரியில் மதுரையில் குழந்தை பிறந்தது. சோதித்தார்கள்; கிருமி இல்லை.