மக்கும் குப்பைக்கு ஒரு தனி வாளி



நம் சமையலறையில் ஒரு நாளில் என்னென்ன சேர்கிறது? காய்கறித் தோல், கீரைத் தண்டு, புளிச் சக்கை, டீத்தூள் சக்கை, மீன் செதில், ஊசிப்போன குழம்பு, சாப்பிட்ட வாழையிலை. நம் நகரங்களில் சேரும் குப்பையில் ஏறத்தாழப் பாதி இப்படி மக்கக்கூடியதுதான். இந்தப் பாதி மட்டும் ஒழுங்காகப் பிரிந்து போய்விட்டால், மீதியைக் கையாள்வது எளிது. அதைப் பற்றித்தான் இந்த இதழில் உங்களோடு பேச விரும்புகிறேன்.

சமையலறை மிச்சத்தைத் தனியாக எடுத்து வைப்பது நமக்குப் புதிதல்ல. மாடு வைத்திருந்தவர்கள் வீடு வீடாக வந்து கழனித் தண்ணீர் வாங்கிப் போன தெருக்கள் நம்முடையவை. அரிசி களைந்த நீர், வடிகஞ்சி, காய்த் தோல் எல்லாம் கழனிப் பானைக்குப் போனது. மற்றது கொல்லைப்புற எருக்குழிக்குப் போனது. இன்று நகரத்து வீடுகளில் மாடும் இல்லை, கொல்லையும் இல்லை. பால் பாக்கெட்டும் மசாலாப் பொட்டலமும் டயப்பரும் வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே பாலித்தீன் கவரில் போட்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

அந்த முடிச்சோடுதான் சிக்கலும் தொடங்குகிறது. காற்றுப் புகாமல் குவிந்து கிடக்கும் உணவுக்கழிவிலிருந்து மீத்தேன் வாயு உருவாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. குப்பையிலிருந்து கசியும் கறுப்பு நீர் நிலத்தடி நீரைக் கெடுக்கிறது. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் குப்பைக்கிடங்கில் பிடித்த தீ நாள்கணக்கில் புகைந்ததை அந்தப் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கிடங்கை ஒட்டிக் கிடக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், அதே ஆண்டில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பெருங்குடியிலும், சென்னையின் இன்னொரு கிடங்கான கொடுங்கையூரிலும் பல ஆண்டுகளாகக் குவிந்த குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலைக்குப் பல நூறு கோடி ரூபாய் தேவைப்படுகிறது. வீட்டில் செலவில்லாமல் பிரித்திருக்க வேண்டியதை, இன்று இயந்திரம் வைத்துப் பிரிக்கிறோம்.

உணவுக்கழிவைக் கிடங்கில் கொண்டுபோய்க் குவிக்கும் இந்த வழியிலிருந்து திரும்பி வந்த நாடு தென்கொரியா. சோற்றுக்குப் பலவகைத் தொடுகறிகளைப் பரப்பி வைத்துச் சாப்பிடும் வழக்கம் உள்ள நாடு என்பதால் அங்கே உணவு மிச்சம் அதிகம். 2005-இல் உணவுக்கழிவை நேரடியாக நிலத்தில் புதைக்கத் தடை வந்தது. 2013 முதல், போடும் அளவுக்கு ஏற்பக் கட்டணம் வந்தது. பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அட்டையைக் காட்டினால்தான் தொட்டி திறக்கும்; போட்டதை எடைபோட்டு அந்த வீட்டின் கணக்கில் எழுதிக்கொள்ளும். எடைக்குக் காசு என்றான பிறகு, தண்ணீரை நன்றாக வடித்துவிட்டுப் போடும் பழக்கம் வந்தது. எலும்பு, நண்டு ஓடு, பழக்கொட்டை போன்றவை அந்தத் தொட்டிக்குள் போகக்கூடாது என்பதும் அங்கே விதி. இன்று அந்நாட்டின் உணவுக்கழிவில் 90 சதவீதத்துக்கு மேல் எருவாக, கால்நடைத் தீவனமாக, எரிவாயுவாக மாறுகிறது.

நம் நாட்டிலேயே இதற்கு எடுத்துக்காட்டாக இந்தூர் நகரம் இருக்கிறது. நாளொன்றுக்கு 550 டன் மக்கும் ஈரக்குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலை அங்கே 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அந்த வாயுவில் நகரப் பேருந்துகள் ஓடுகின்றன. அங்குள்ள வீடுகள் ஈரக்குப்பையைத் தனியாகக் கொடுப்பதால்தான் இது சாத்தியமாகிறது. பிளாஸ்டிக் கலந்த குப்பை வந்தால் எவ்வளவு பெரிய ஆலையும் திணறித்தான் போகும்.

நமக்கும் விதி இருக்கிறது. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கச் சொல்லின. தெருவுக்குப் பேட்டரி வண்டி வருகிறது. வண்டியில் தனித்தனி டிரம்கள் இருக்கின்றன. மக்கும் குப்பையை எருவாக்கும் மையங்கள் நம் ஊர்களிலும் உண்டு.

"நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?" என்று கேட்கும் வாசகர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அப்படி நடக்கும் இடங்களில் குடியிருப்போர் சங்கமும் வார்டு கவுன்சிலரும் பதில் பெற்றுத் தர வேண்டும். பகுதி சபைக் கூட்டத்தில் நாமே எழுந்து கேட்கலாம். ஆனால் தெருவில் பெரும்பாலான வீடுகள் கலந்தே கொடுத்தால், வண்டியில் எத்தனை டிரம் இருந்தும் பயனில்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நாம் பிரிக்காததை யாரோ ஒருவர் பிரிக்கத்தான் வேண்டும். பல நேரங்களில் அது தூய்மைப் பணியாளரின் கை. அழுகிய சோற்றுக்குள் உடைந்த கண்ணாடியும் சவர பிளேடும் இருக்கின்றன; பயன்படுத்திய நாப்கின் இருக்கிறது. நம் வீட்டில் ஒரு நிமிட வேலையாக முடிந்திருக்க வேண்டியது, அவர்களுக்குக் காயமாகவும் நோயாகவும் போய்ச் சேர்கிறது. எரு, எரிவாயு எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது இந்தக் காரணம்தான்.

செய்ய வேண்டியவை சிலதான். சமையலறையில் மக்கும் குப்பைக்கென மூடியுள்ள ஒரு வாளி வையுங்கள். அதற்குள் பாலித்தீன் கவர் வேண்டாம். பழைய செய்தித்தாளை விரித்தால் போதும். குழம்பு, ரசம் போன்றவற்றை வடித்துவிட்டுப் போடுங்கள், நாற்றம் குறையும். நாப்கினையும் டயப்பரையும் தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். மொட்டைமாடியில் இடம் இருப்பவர்கள் துளையிட்ட தொட்டியில் காய்கறிக் கழிவைக் காய்ந்த சருகோடு அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் அதிகமாகாமல் கிளறிவிட்டு வந்தால், சில மாதங்களில் செடிகளுக்கு எரு தயார். எல்லாவற்றுக்கும் முன்பாக, தேவையான அளவே சமைப்போம்.

நாளைக் காலை வண்டி வரும்போது மக்கும் குப்பையைத் தனியாகக் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் சொல்லுங்கள். உங்கள் தெருவில் இது நன்றாக நடக்கிறது என்றால் எப்படி நடக்கிறது என்றும், நடக்கவில்லை என்றால் எது தடையாக இருக்கிறது என்றும் எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் கடிதங்களுக்கு வரும் இதழ்களில் இடம் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்