ஒரே லாட்டில் வந்த டிஸ்குகள்

சர்வர் பராமரிப்புக்காக ஸ்கேன் சென்டர், நகைக்கடை, பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் ஒரே பதில்தான்: “ரெய்டு போட்டிருக்கோம் சார், டிஸ்க் போனாலும் டேட்டா போகாது.” தப்பில்லை. பல டிஸ்குகளைச் சேர்த்து ஓட்டும் ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் பழுதானால், மீதி டிஸ்குகளை வைத்துக் கணக்குப் போட்டு அதிலிருந்ததை மீட்கலாம். ரெய்டு 6 இரண்டு வரை தாங்கும். ஆனால் ஒன்று போகும் நேரத்தில் மற்றவை நன்றாக இருக்கும் என்று யார் சொன்னது?

டிஸ்குகளின் லேபிளைப் பாருங்கள் (ஓடும்போது உருவிவிடாதீர்கள்). பெரும்பாலும் ஒரே மாடல், ஒரே லாட், ஒரே நாளில் ஓடத் தொடங்கியவை.

2019 நவம்பரில் ஹியூலட் பேக்கார்ட் என்டர்பிரைஸ் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. சில எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம், அதாவது 3 வருடம் 270 நாள் ஓடியதும் செத்துவிடும். டேட்டாவை மீட்கவே முடியாது. தேய்மானம் இல்லை, ஃபர்ம்வேர் பிழை. ஒன்றாக மாட்டியவை ஒன்றாகவே போகும். அங்கே ரெய்டு 6 இருந்து என்ன பயன்? 2020 மார்ச்சில் வேறு சில மாடல்களுக்கு 40,000 மணி நேரக் கெடு வந்தது. 2022 ஜூலையில் ஹேக்கர் நியூஸ் தளத்தின் முதன்மை சர்வரில் எஸ்எஸ்டிகள் போயின. சில மணி நேரத்தில் மாற்று சர்வரிலும் போயின. இதே கெடுதான் காரணம் என்று பேசப்பட்டது. பேக்கப் தனியாக இருந்ததால் தளம் பிழைத்தது.

சாதா ஹார்டு டிஸ்கிலும் ஆபத்து உண்டு. பழுதானதற்குப் பதிலாகப் புதிதாக மாட்டிய 16 டிபி டிஸ்கில், மீட்ட டேட்டாவை விநாடிக்கு 200 எம்பி வேகத்தில் எழுதினாலும் 22 மணி நேரம் ஆகும். அதுவரை மீதமுள்ள அதே வயசு டிஸ்குகள் ஓயாமல் படிக்கப்படுகின்றன.

டெண்டரில் “எல்லா டிஸ்கும் ஒரே மாதிரி” என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். கொள்ளளவும் வேகமும் ஒத்திருந்தால் போதும். லாட் வேறாக இருக்கட்டும். சப்ளையர் முணுமுணுப்பார், வாரண்டியைக் காட்டுவார். சில பெட்டிகள் சொந்தக் கம்பெனி டிஸ்கை மட்டுமே ஏற்கும் என்பதும் உண்மை. அங்கே ஃபர்ம்வேர் அப்டேட் யார் பொறுப்பு என்று ஏஎம்சி ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பேக்கப் பெட்டிக்கான டிஸ்குகளையாவது சர்வரோடு ஒரே பில்லில் வாங்காதீர்கள்.