நயாகராவைக் காட்டி ஆயா வேலை

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவைக் கூப்பிடும்போது தவறாமல் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. "சும்மா ஊர் சுத்திப் பார்க்க வாங்கம்மா!" இந்தச் 'சும்மா'வைப் போலக் கனமான சொல் தமிழில் வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான். டிக்கெட்டில் இருக்கும் தேதியைப் பாருங்கள். மகளின் பிரசவத்துக்குச் சரியாக மூன்று வாரம் முன்னால் இருக்கும். இல்லாவிட்டால் மருமகள் திரும்ப வேலைக்குப் போக வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தைய வாரமாக இருக்கும். ஊர் சுற்றிப் பார்ப்பதற்கும் இந்தத் தேதிகளுக்கும் என்னய்யா சம்பந்தம்?

பிரசவத்துக்கு அம்மாவைக் கூப்பிடுவதில் ஒரு தப்பும் இல்லை. காலம் காலமாக நடப்பதுதான். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம்மூர் வழக்கம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்து வந்துவிடுவார்கள். பெண்தான் அம்மா வீட்டுக்குப் போவாள். அங்கே பாட்டி இருப்பார், சித்தி இருப்பார், அடுத்த தெருவில் பெரியம்மா இருப்பார், பாத்திரம் தேய்க்க ஒரு ஆள் வரும். வேலையை ஆறு பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். இப்போது அந்தத் தாய் வீடே 23 கிலோ பெட்டிகளில் சுக்கு, வசம்பு, பிரசவ லேகியத்தோடு விமானம் ஏறுகிறது. ஆனால் ஆறு பேர் ஏறுவதில்லை. அம்மா மட்டும்தான் ஏறுகிறார். கூடவே அப்பா, பெட்டி தூக்க. ஆறு பேர் வேலையும் அறுபது வயது தாண்டிய ஒருத்தர் தலையில்.

இதற்குப் பெயர்தான் 'விசிட்'. இதற்குப் பெயர்தான் 'வெகேஷன்'.

ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டால் பிள்ளைகளை மட்டும் திட்டிப் பயனில்லை. அமெரிக்கச் சட்டத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அங்கே 1993-ல் வந்த குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் குழந்தை பெற்ற தாய்க்குக் கொடுப்பது 12 வாரம். அதுவும் சம்பளம் இல்லாத விடுப்பு. ஐம்பது பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் தனியார் நிறுவனம் என்றால் அதுவும் கட்டாயம் இல்லை. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் மட்டும் தனியாகச் சட்டம் போட்டு ஓரளவு பணம் கொடுக்கின்றன. நாம் எதற்கெடுத்தாலும் குறை சொல்லும் இந்தியாவில் 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. உலகத்தின் பெரிய பணக்கார நாடு தன் தொழிலாளிக்குக் கொடுக்க மறுக்கும் விடுப்பை, கும்பகோணத்திலும் கோவில்பட்டியிலும் இருக்கும் அம்மாக்கள் தங்கள் முழங்கால் வலியோடு ஈடுகட்டிக் கொண்டிருக்கிறார்கள். வல்லரசுக்கு நம்மூர்ப் பாட்டிகள் கொடுக்கும் மானியம் என்று இதைச் சொன்னால் தப்பில்லை!

கணக்கை நேராகவே போட்டுப் பார்க்கலாம். அமெரிக்கப் பெருநகரங்களில் கைக்குழந்தையை டே கேரில் விட மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் ஆவது சர்வ சாதாரணம். ஆறு மாதத்துக்கு ஆறாயிரம் டாலருக்கு மேல். அதில் பாதிக்கும் கொஞ்சம் கூடப்போட்டால் சென்னையிலிருந்து இரண்டு பேருக்குப் போக வர டிக்கெட் வாங்கிவிடலாம். அந்த டிக்கெட்டோடு சமையல், துணி மடிப்பது, பாத்திரம், ராத்திரி குழந்தை அழுதால் தோளில் போட்டு நடப்பது எல்லாம் இலவசம். காமர்ஸ் முதல் வருடப் புத்தகத்தில் 'வாய்ப்புச் செலவு' என்று ஒரு பாடம் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்ததால் கைவிட்ட இன்னொன்றின் மதிப்பு என்று பொருள். இந்தக் கணக்கில் மகளின் சம்பளம் வருகிறது, டே கேர் மிச்சம் வருகிறது, டிக்கெட் செலவு வருகிறது. அம்மா கைவிட்டு வந்த ஆறு மாதம் மட்டும் எந்தக் கட்டத்திலும் வருவதில்லை.

ஊரிலேயே அது வராது என்பது வேறு விஷயம். 2019-ல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் கொடுக்கிறார்கள் என்று வந்தது. ஆண்களில் வீட்டு வேலை செய்பவர்கள் கொடுப்பது 97 நிமிடம். கூலி இல்லாத இந்த வேலை ஊரில் நடந்தால் கடமை. டல்லாஸில் நடந்தால் மட்டும் 'ஹாலிடே' ஆகிவிடுமா?

அடுத்தது அந்த ஆறு மாதக் கதை. விசா பத்து வருடத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். பத்து வருடம் என்பது வந்து வந்து போவதற்கு. ஒருமுறை இறங்கினால் எத்தனை நாள் இருக்கலாம் என்பதை விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரி ஐ-94 பதிவில் போடுவார். வழக்கமாக அது ஆறு மாதம். உடனே ஒரு ஏற்பாடு தயாராகிறது. முதல் ஆறு மாதம் பெண்ணின் அப்பா அம்மா. அவர்கள் விமானம் ஏறும் வாரத்தில் பையனின் அப்பா அம்மா வந்து இறங்குவார்கள். சம்பந்திகள் விமான நிலையத்திலேயே ஷிஃப்ட் மாற்றிக் கொள்வார்கள். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை வண்டி ஓடும். மில்லில் கூட ஷிஃப்ட் முடிந்தால் சங்கு ஊதுவார்கள்!

இதில் யாராவது அந்தப் பெரியவர்களிடம் "உங்களுக்கு எந்த மாசம் வசதி?" என்று கேட்டார்களா? ஊரில் அவர்களுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. தம்பி மகள் கல்யாணம் இருக்கும், கண்புரை ஆபரேஷன் தள்ளிப் போய்க்கொண்டிருக்கும், மார்கழிக் காலைக் கோவில் இருக்கும். அப்பாவுக்கு விடிந்தால் பேப்பர், டீக்கடை, பார்க்கில் நாலு நண்பர்கள். அங்கே போனால் கார் இல்லாமல் கடைக்குக் கூடப் போக முடியாத புறநகர். ஓட்டத் தெரியாது, தெரிந்தாலும் பயம். பகல் முழுக்க ஜன்னல் வழியாகத் தெரிகிற மனிதர் தபால்காரர் ஒருவர்தான். சாயந்திரம் மகள் வந்து லேப்டாப்பைத் திறப்பாள், மாப்பிள்ளை ஹெட்செட்டை மாட்டுவார். "போரடிக்குதாப்பா? டிவியில தமிழ் சேனல் போட்டிருக்கோமே?" அதைப் பார்க்க ஊரிலேயே இருந்திருக்கலாமே அய்யா!

சரி, நயாகராவுக்கு வருவோம். ஊர் சுற்றிக் காட்டியதற்கு அத்தாட்சியாக ஒரு போட்டோ வேண்டும். அது பெரும்பாலும் நயாகராவாகத்தான் இருக்கும். அருவிக்கு அருகே கூட்டிப்போகும் படகு வசந்த காலத்தில் தொடங்கி நவம்பர் தொடக்கத்தில் நின்றுவிடும். குதிரை லாட வடிவ அருவியை நேர் எதிரே நின்று பார்க்கும் இடம் கனடா பக்கம் இருக்கிறது. அமெரிக்க விசாவை வைத்துக்கொண்டு இந்தியப் பாஸ்போர்ட்காரர் பாலம் தாண்ட முடியாது. கனடா விசா தனியாக வாங்க வேண்டும். டிசம்பர் பிரசவத்துக்கு வந்தவர்கள் இதில் எதைப் பார்ப்பார்கள்? இதெல்லாம் இணையத்தில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளக் கூடிய விஷயம். பிரசவ மருத்துவமனையை மூன்று மாதம் ஆராய்ந்தவர்கள் இதற்கு ஐந்து நிமிடம் செலவழிப்பதில்லை. கடைசியில் ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கி, எட்டு மணி நேரம் காரில் போய், கைக்குழந்தைக்குக் குளிர் ஆகாது என்று அம்மா ஹோட்டல் அறையிலேயே இருந்துவிட, அப்பா மட்டும் அருவிக்கு முன்னால் நின்று சிரிக்கிறார். 'அம்மா அப்பாவை நல்லா சுத்திக் காட்டினோம்.'

இன்ஷூரன்ஸ் இன்னொரு கொடுமை. அறுபது வயதுக்கு மேற்பட்ட அமெரிக்கரை அரசின் மெடிகேர் கவனித்துக்கொள்ளும் என்று ஊரில் சிலர் நினைக்கிறார்கள். அது 65 வயதில் தொடங்குவது, அதுவும் சுற்றுலா விசாவில் வந்தவருக்குக் கிடையாது. தனியாகப் பாலிசி எடுக்க வேண்டும். அதில் மலிவான வகை ஒன்று உண்டு. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று முன்பே குறித்த தொகையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், மீதி பில் உங்கள் தலையில். இன்னொரு வகை, முதலில் ஒரு தொகையை நீங்கள் கட்டினால் அதன் பிறகு பெரும்பகுதியைக் கட்டும். எதுவானாலும் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் சாதாரணமாகப் பணம் வராது. திடீரென்று முற்றினால் மட்டும், அதுவும் ஆயிரம் நிபந்தனையோடு, சில பாலிசிகள் கொடுக்கும். இந்தச் சின்ன எழுத்துகளைப் படித்து அப்பாவுக்கு எடுத்துச் சொல்லும் பிள்ளைகள் எத்தனை பேர்? விலை குறைந்ததைப் பார்த்து க்ளிக் செய்துவிட்டு, "அம்மா, அங்க எதுவும் உடம்புக்கு வராம பார்த்துக்கோ" என்று போனில் சொல்பவர்கள்தான் அதிகம். உடம்புக்கு வராமல் பார்த்துக்கொள்வது அம்மாவின் பொறுப்பாம்!

இதைக் கேட்டதும் வரிசையாக மறுப்பு வரும்.

"பாசத்துக்கெல்லாம் கணக்குப் பார்ப்பாங்களா?" என்பது முதல் மறுப்பு. இந்தக் கேள்வியை அம்மா கேட்டால் அதில் அர்த்தம் இருக்கிறது. கொடுப்பவர் கணக்குப் பார்க்காமல் இருப்பது பெருந்தன்மை. வாங்குகிறவர் கணக்குப் பார்க்காமல் இருப்பதற்கு வேறு பெயர்.

"அவங்களே ஆசைப்பட்டுத்தான் வராங்க" என்பது இரண்டாவது. உண்மைதான். பேரக் குழந்தையைக் கையில் வாங்கும் சந்தோஷத்துக்கு எந்த அருவியும் ஈடில்லை என்று எந்தப் பாட்டியும் சொல்வார். அந்த ஆசை இருக்கும் தைரியத்தில்தான் மற்ற ஆசைகளை யாரும் கேட்பதில்லை. பேரன் மேல் ஆசை இருப்பவருக்கு கிராண்ட் கேன்யன் மேல் ஆசை இருக்கக் கூடாதா என்ன?

"எங்களுக்கு லீவே இல்லையே" என்பது மூன்றாவது. இதில் நியாயம் உண்டு. தனியார் நிறுவனம் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. கம்பெனி பார்த்துக் கொடுக்கும் இரண்டு மூன்று வாரம்தான். ஆனால் நண்பர்களோடு லாஸ் வேகாஸ் போக அதிலிருந்து நாலு நாள் கிடைக்கிறதே? அம்மாவுக்கு ஏன் சனி ஞாயிறு மட்டும்?

அப்படியானால் என்னதான் செய்வது? உதவிக்கு அழைக்கும் பயணம் வேறு, விடுமுறைப் பயணம் வேறு. இரண்டையும் இரண்டு கணக்காக எழுதுங்கள். பிரசவத்துக்கு அழைக்கிறீர்களா? "அம்மா, எனக்கு உன் உதவி வேணும், தனியா முடியல" என்று நேராகக் கேளுங்கள். எந்த அம்மாவும் மறுக்க மாட்டார், அந்தக் கேள்வியில் இருக்கும் மரியாதையே போதும். மாப்பிள்ளை ராத்திரி டயப்பர் மாற்றட்டும், ரசம் வைக்கக் கற்றுக்கொள்ளட்டும். "அத்தை செஞ்சா டேஸ்ட்டா இருக்கும்" என்ற பாராட்டு வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் அம்மா அடுப்படிக்கே வரக்கூடாது என்று விதி வையுங்கள். ஊருக்குக் கிளம்பும் வாரத்தில் ஆறு மாதத்துக்குப் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் இடித்து வைக்கச் சொல்லாதீர்கள்.

விடுமுறைக்கு அழைக்கிறீர்களா? வீட்டில் பிரசவமோ கைக்குழந்தையோ இல்லாத ஒரு வருடமாகப் பாருங்கள். மே முதல் அக்டோபருக்குள் மாதத்தை அவர்கள் சொல்லட்டும், இடத்தையும் அவர்கள் சொல்லட்டும். அப்பாவுக்கு ரயிலில் போக ஆசை இருக்கலாம், அம்மாவுக்கு பிட்ஸ்பர்க் வெங்கடாசலபதி கோவில் போதும் என்று இருக்கலாம். ஆறு மாதம் தேவையில்லை, நாலு வாரம் போதும், அதில் இரண்டு வாரம் உங்கள் லீவு. நல்ல பாலிசியாக ஒன்று எடுங்கள். செலவு கட்டுப்படியாகாது என்றால் நீங்களே ஊருக்கு வந்து, கல்யாண வீடுகளுக்கு ஓடாமல், அவர்களோடு பத்து நாள் கொடைக்கானலிலோ ராமேஸ்வரத்திலோ இருங்கள். அதுவும் விடுமுறைதான்.

விசா நேர்காணலை நினைத்துப் பாருங்கள். கைரேகைக்கு ஒரு நாள், நேர்காணலுக்கு ஒரு நாள். கட்டணம் ஆளுக்கு 185 டாலர், விசா மறுத்தாலும் திரும்பி வராது. 2025 செப்டம்பரிலிருந்து, முதல்முறை விசா கேட்பவர் எண்பது வயதுக்காரராக இருந்தாலும் நேரில் போய் நிற்கத்தான் வேண்டும். சுற்றுலா விசா கேட்கிற ஒவ்வொருவரையும் குடியேற வருகிறவராகவே கருத வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு என்பது அந்த நாட்டுச் சட்டம். அந்தச் சந்தேகப் பார்வைக்கு முன்னால், வாழ்நாள் முழுக்க ஒரு பள்ளிக்கூடத்தையோ ஒரு வங்கிக் கிளையையோ கட்டி மேய்த்த மனிதர்கள், ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் வரிசையில் நின்று, பிள்ளைகள் போனில் சொல்லிக்கொடுத்ததை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள்: "ஊர் சுத்திப் பார்க்கப் போறோம் சார்."

அந்த வாக்கியத்தை அவர்கள் வாயில் போட்டது நீங்கள். அதை உண்மையாக்க வேண்டியதும் நீங்கள்தான்.