48 மணி நேரச் சான்றிதழும் தொலைதூரக் கிராமங்களும்

உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் 2025 மே மாதம் பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டன. சர்வதேச சுகாதார விதிகளில் அதற்கு முந்தைய ஆண்டு செய்யப்பட்ட திருத்தங்கள், 2025 செப்டம்பர் 19 அன்று நடைமுறைக்கு வந்தன. தடுப்பூசிப் பகிர்வு, கிருமி மாதிரிகளைப் பரிமாறிக்கொள்ளுதல், மருந்துத் தொழில்நுட்பம் ஆகியவற்றைச் சுற்றியே விவாதங்கள் நடந்துவருகின்றன. அவை முக்கியமானவை என்பதில் ஐயமில்லை. ஆனால், கரோனா காலத்தில் சாதாரண மனிதர்கள் நேரடியாக எதிர்கொண்ட ஒரு விதி இந்த விவாதங்களில் பெரிதாக இடம்பெறவில்லை. ‘பயணத்துக்கு இத்தனை மணி நேரத்துக்குள் எடுக்கப்பட்ட பரிசோதனைச் சான்றிதழ்’ என்பதே அந்த விதி.

சுற்றுலாக் கப்பல்களில்தான் இந்த விதி மிகவும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்பட்டது. ஆய்வகத்திலிருந்து வெகுதொலைவில் வாழ்பவர்களால் எளிதில் நிறைவேற்ற முடியாத விதியாக இருந்ததும் இதுவே. அந்த அனுபவத்தை இப்போது அலசிப் பார்ப்பது பழங்கதை பேசுவதாகாது. அடுத்த பெருந்தொற்றின்போது இதே விதி மீண்டும் வரும். அப்போது அதைத் திருத்தி எழுத யாருக்கும் நேரம் இருக்காது.

விதி பிறந்த கதை: 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் தனிமைப்படுத்தப்பட்ட ‘டைமண்ட் பிரின்சஸ்’ கப்பலில் 3,711 பேர் இருந்தனர், அவர்களில் 712 பேருக்குத் தொற்று உறுதியானது. அதைவிட முக்கியமான பாடத்தைக் கற்பித்தது, அர்ஜென்டினாவின் உசுவாயா நகரிலிருந்து அண்டார்க்டிகா நோக்கிப் புறப்பட்ட ‘கிரெக் மார்ட்டிமர்’ என்கிற சிறிய கப்பல். ஏறுவதற்கு முன் பயணிகளின் உடல் வெப்பநிலை பரிசோதிக்கப்பட்டது. அப்படியிருந்தும் கப்பலில் இருந்த 217 பேரில் 128 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு எந்த அறிகுறியும் இல்லை. நெற்றியில் வைக்கும் வெப்பமானி போதாது. மூக்கிலிருந்து மாதிரி எடுத்தாக வேண்டும் என்பது அப்போது புரிந்தது.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சி.டி.சி.) 2020 மார்ச் 14 அன்று கப்பல்கள் புறப்படத் தடை விதித்தது. அக்டோபர் இறுதியில் நிபந்தனைகளுடன் அனுமதிக்கும் ஆணை வந்தது. 2021 ஜூனில் அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து பெரிய கப்பல்கள் மீண்டும் பயணிகளுடன் கிளம்பின. அவ்வாண்டின் பிற்பகுதியில், தடுப்பூசியை முழுமையாகச் செலுத்திக்கொண்டவர் இரண்டு நாள்களுக்குள்ளும், மற்றவர்கள் மூன்று நாள்களுக்குள்ளும் எடுத்த பரிசோதனை முடிவைக் காட்ட வேண்டும் என்பது நடைமுறையானது. சி.டி.சி. தனது கப்பல் திட்டத்தை 2022 ஜூலை 18 அன்று முடித்துக்கொண்டது. கனடாவோ அவ்வாண்டு அக்டோபர் 1 வரை, கப்பல் ஏறும் முன் பரிசோதனை என்கிற நிபந்தனையைத் தொடர்ந்தது.

கடிகாரம் எங்கே தொடங்குகிறது? இந்த விதியின் உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. முடிவு கைக்கு வரும் நேரத்திலிருந்து கடிகாரம் ஓடுவதில்லை. மாதிரி எடுக்கப்படும் நேரத்திலிருந்தே ஓடத் தொடங்குகிறது. துறைமுக நகரத்தில் வசிப்பவருக்கு இது பெரிய விஷயமல்ல. காலையில் பக்கத்து மருந்துக் கடைக்குச் சென்று பரிசோதித்துக்கொண்டு, மாலைக்குள் முடிவைப் பெற்று, மறுநாள் கப்பல் ஏறிவிடலாம்.

அலாஸ்காவின் உட்பகுதிக் கிராமத்தில் வாழும் ஒருவரின் நிலையை எண்ணிப்பாருங்கள். அந்த மாநிலத்தின் ஊர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, சாலை வலைப்பின்னலோடு இணைக்கப்படாதவை. சிறிய விமானமோ படகோதான் வழி. உள்ளூர் மருத்துவ நிலையத்தில் மாதிரி எடுத்தாலும், அங்கே பி.சி.ஆர். கருவி இல்லையெனில் அது விமானத்தில் ஏறி நகரத்து ஆய்வகத்துக்குச் செல்ல வேண்டும். பனிமூட்டம் வந்தால் விமானம் வராது. இதற்கிடையே பயணியும் ஊரைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். சியாட்டிலையோ வான்கூவரையோ அடைய அவருக்கே ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். கொடுக்கப்பட்ட இரண்டு நாள்களில் பாதிக்கு மேல் வழியிலேயே கரைந்துவிடுகிறது. மாதிரி சரியாக இல்லை என்று ஆய்வகம் திருப்பி அனுப்பினால், இன்னொன்று கொடுக்கக் கால அவகாசம் இருக்காது.

கிழமையும் இங்கே குறுக்கிடுகிறது. திங்கள்கிழமை புறப்படும் கப்பலுக்கு இரண்டு நாள் விதி என்றால், சனி அல்லது ஞாயிறு அன்று பரிசோதித்தாக வேண்டும். பெருநகரத்தில் விடுமுறை நாளிலும் திறந்திருக்கும் மையங்கள் உண்டு. சிற்றூரின் மருத்துவ நிலையத்தில் பெரும்பாலும் அப்படி இருக்காது. விதியை எழுதியவர்கள் கிராமத்தினரைத் தண்டிக்க நினைக்கவில்லை. ஆய்வகம் கூப்பிடு தொலைவில் இருக்கும் என்று அவர்கள் கருதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். எல்லாருக்கும் ஒரே அளவுகோல் என்பது காகிதத்தில் சமத்துவம். வரைபடத்தில் பார்த்தால் அப்படியல்ல.

மூன்று வழிகள், மூன்று சுமைகள்: இந்த இக்கட்டிலிருந்து வெளியேற அன்று மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, துறைமுக நகரத்துக்கு இரண்டு மூன்று நாள்கள் முன்னதாகவே சென்று தங்கி, அங்கே பரிசோதித்துக்கொள்வது. விடுதிக் கட்டணம், உணவுச் செலவு, கூடுதல் விடுப்பு ஆகியவை பயணியின் தலையில் விழும். முடிவு ‘பாசிட்டிவ்’ என்று வந்துவிட்டால், வீட்டிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, அறிமுகமில்லாத ஊரில் தனிமைப்பட்டுக் கிடக்க வேண்டும்.

இரண்டாவது, காணொலி வழியாக மருத்துவப் பணியாளர் ஒருவர் நேரலையில் கண்காணிக்க, வீட்டிலேயே ஆன்டிஜன் பரிசோதனை செய்துகொள்வது. வெளிநாடுகளிலிருந்து வரும் விமானப் பயணிகளுக்கு இம்முறையை 2021 மே மாதம் சி.டி.சி. ஏற்றது, கப்பல் நிறுவனங்கள் பலவும் ஏற்றன. தொலைவு என்கிற தடையைத் தொழில்நுட்பம் தாண்டியதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஆயினும் கேமரா உள்ள கருவி, தடைபடாத இணைய இணைப்பு, ஒரு பரிசோதனைக்கு ஏறத்தாழ 25 டாலர் அல்லது அதற்கும் மேல் செலவு ஆகியவை தேவைப்பட்டன. ஆய்வகம் எட்டாத இடங்களில் பெரும்பாலும் அதிவேக இணையமும் எட்டுவதில்லை. அதாவது, யாருக்கு இந்த வழி மிகவும் தேவையோ அவர்களுக்கே அது அரைகுறையாகக் கிடைத்தது.

மூன்றாவது, கப்பல் நிறுவனமே துறைமுகத்தில் பரிசோதிப்பது. நார்வேஜியன் நிறுவனம் 2021-இல் சேவையை மீண்டும் தொடங்கியபோது இதைத் தன் செலவில் செய்தது. வைக்கிங் நிறுவனம் கப்பலுக்குள்ளேயே பி.சி.ஆர். ஆய்வகம் அமைத்தது. தொலைதூரப் பயணிக்கு இது எளிது என்று தோன்றலாம். ஆனால், கரையிலேயே தொற்று உறுதியானால் பயணச்செலவு முழுவதும் செய்து முடித்த பிறகு அவர் திருப்பி அனுப்பப்படுவார். வீட்டில் செய்யும் பரிசோதனை கால நெருக்கடியைத் தருகிறது; கரையில் செய்யும் பரிசோதனை பண இழப்பைத் தருகிறது. கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இடரை யார் சுமப்பது?

ஆடம்பரம் மட்டுமா? ‘கப்பலில் உல்லாசப் பயணம் போகிறவர்களுக்கு நேர்ந்த சிரமம் ஒரு பிரச்சினையா?’ என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் கப்பலில் பயணிகள் மட்டும் இருப்பதில்லை. உலகுக்கு மாலுமிகளை அதிகம் அனுப்பும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2020-இன் இறுதியில் ஏறத்தாழ 4 லட்சம் கடல்தொழிலாளர்கள் ஒப்பந்தக் காலம் முடிந்தும் கப்பலைவிட்டு இறங்க முடியாமல் இருந்ததாக சர்வதேசக் கடல்சார் அமைப்பு மதிப்பிட்டது. எல்லைகள் மூடப்பட்டதே அதற்கு முதன்மைக் காரணம் என்றாலும், அவர்களுக்குப் பதிலாக வேலைக்குச் சேரக் காத்திருந்தவர்களும் பரிசோதனைச் சான்றிதழோடுதான் விமானம் ஏற வேண்டியிருந்தது. கடற்கரைக் கிராமத்திலிருந்து கிளம்பும் ஓர் இளைஞருக்கு, சான்றிதழ் சில மணி நேரம் காலாவதியானால் இழப்பு விடுமுறை அல்ல, வேலை.

இந்த விதி தரைவழியிலும் வந்தது. 2021 ஆகஸ்டில், தடுப்பூசி செலுத்திக்கொண்டிருந்தாலும் கேரளத்திலிருந்து வருபவர்கள் 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் சான்றிதழைக் காட்ட வேண்டும் என்றது கர்நாடக அரசு. காசர்கோடு மாவட்டத்தின் எல்லையோர மக்கள் மருத்துவத்துக்கும் கல்விக்கும் மங்களூரையே நம்பியிருப்பவர்கள். சுற்றுலாப் பயணிக்கு ஒருமுறை நேர்ந்த இடையூறு, அவர்களுக்கு மீண்டும் மீண்டும் நேர்ந்தது.

விதி யாரைக் காக்கிறது? எனில், இத்தகைய விதியே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? முடியாது. அதற்கான காரணமும் தொலைதூர மக்களிடமிருந்தே வருகிறது. 1918 நவம்பரில் ஆக்லாந்திலிருந்து ‘தலூனே’ என்கிற கப்பல் மேற்கு சமோவாவுக்கு வந்தது. நோயாளிகளைத் தடுக்காமல் இறங்க அனுமதித்தார்கள். அடுத்த சில வாரங்களில் அத்தீவின் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் இன்ஃப்ளூயன்சாவால் மாண்டனர். அருகிலிருந்த அமெரிக்க சமோவா, கப்பல்களைக் கண்டிப்பாகத் தனிமைப்படுத்தியது. அங்கே அந்த நோயால் மரணம் நிகழவில்லை.

அலாஸ்காவின் ஸ்காக்வே ஊரின் மக்கள்தொகை சுமார் 1,200. 2019-இல் அங்கு வந்திறங்கிய கப்பல் பயணிகள் ஏறத்தாழ 10 லட்சம். ஊரில் மருத்துவ நிலையம் உண்டு, மருத்துவமனை கிடையாது. 2020-இல் பெரிய கப்பல் ஒன்றுகூட வராததால் ஊரின் வருவாய் அடியோடு நின்றுபோனது. கப்பல் வந்தால் நோய் அச்சம். வராவிட்டால் பிழைப்பு இல்லை. பரிசோதனை விதி அத்தகைய ஊருக்கு ஒரு கவசம். விதியை நிறைவேற்றச் சிரமப்படுபவரும், விதி இல்லாவிட்டால் முதலில் பாதிக்கப்படுபவரும் ஒரே வகையான மக்கள் என்பதே இதிலுள்ள சிக்கல்.

அந்தக் கவசத்துக்கும் ஓட்டைகள் உண்டு என்பதை லட்சத்தீவு காட்டியது. கொச்சியிலிருந்து வருபவர்களைத் தனிமைப்படுத்தியதன் மூலம் 2020 முழுவதும் அங்கே ஒரு தொற்றுகூட இல்லை. பின்னர் அந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டு, 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் சான்றிதழ் போதும் என்றானது. 2021 ஜனவரி 18 அன்று முதல் தொற்று பதிவானது. 2022 ஜனவரியில் மும்பையிலிருந்து கோவா சென்ற ‘கார்டிலியா’ கப்பலில், ஊழியர் ஒருவருக்குத் தொற்று தெரிந்ததும் கப்பலில் இருந்த ஏறத்தாழ 2,000 பேரும் பரிசோதிக்கப்பட்டனர். 66 பேருக்குத் தொற்று இருந்தது. தொடக்ககால வைரஸின் நோயரும்பும் காலம் சராசரியாக ஐந்து நாள்கள். ஒமைக்ரானுக்கு மூன்று நாள்கள். இரண்டு நாள்களுக்கு முந்தைய முடிவு, அந்த நாளின் நிலையை மட்டுமே சொல்லும். அதைக் கையில் வைத்திருப்பவர் விமானத்தில், விடுதியில், வாகனத்தில் யாரைச் சந்தித்தார் என்பதை அது அறியாது. நெடுந்தொலைவு பயணித்து வருபவருக்கு இந்த இடைவெளியும் பெரிது.

என்ன செய்யலாம்? முதலில், மணிக்கணக்கை விட்டு நாள்கணக்குக்கு மாற வேண்டும். அமெரிக்காவின் விமானப் பயண ஆணை ‘72 மணி நேரம்’ என்று சொல்லாமல் ‘மூன்று நாள்கள்’ என்று சொன்னது. பயணிகளுக்குக் கூடுதல் நெகிழ்வு கிடைக்க வேண்டும் என்பதே அதற்கு அளிக்கப்பட்ட விளக்கம். விமானம் ஐந்து மணி நேரம் தாமதமானாலும் சான்றிதழ் செத்துவிடாது. ஒரு சொல் மாற்றம்தான், செலவு ஏதுமில்லை.

இரண்டாவதாக, கருவி மக்களை நோக்கிச் செல்ல வேண்டும். கோவாவைச் சேர்ந்த மோல்பயோ நிறுவனத்தின் ‘ட்ரூநாட்’ கருவி மின்கலத்தில் இயங்கக்கூடியது; ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிவு தருவது; காசநோய்ப் பரிசோதனைக்காக நம் நாட்டில் ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பது. கரோனா பரிசோதனைக்கும் 2020-இலேயே அனுமதி பெற்றது. தீவுகளிலும் மலைப்பகுதிகளிலும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் இத்தகைய கருவியும், அதை இயக்கத் தெரிந்தவரும் இருந்தால், மாதிரி விமானம் ஏற வேண்டியதில்லை.

மூன்றாவதாக, வீட்டுப் பரிசோதனைக்குச் சாட்சி தேவை என்றால், அந்தச் சாட்சி காணொலியில்தான் வர வேண்டும் என்பதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2021 மே மாதம் வீட்டுப் பரிசோதனைக் கருவிக்கு ஒப்புதல் அளித்தபோது, அறிகுறி உள்ளவர்களுக்கும் அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களுக்குமே அதைப் பரிந்துரைத்தது. பயிற்சி பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் முன்னிலையில் செய்யப்படும் பரிசோதனைக்குப் பயணச் சான்றின் தகுதியை அளிப்பது குறித்து இப்போதே முடிவெடுக்கலாம்.

நான்காவதாக, ஏறும் இடத்தில் ஒரு விரைவுப் பரிசோதனை எல்லாருக்கும் இருக்க வேண்டும். அதில் தொற்று உறுதியாகிறவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருவதும், தனிமைக் காலத் தங்கும் செலவை ஏற்பதும் கப்பல் நிறுவனத்தின் கடமையாக உரிமத்திலேயே எழுதப்பட வேண்டும். பணம் போய்விடும் என்ற அச்சம் இருக்கும்வரை, அறிகுறியை மறைக்கும் தூண்டுதலும் இருக்கும். அந்த அச்சத்தை நீக்குவது கருணை அல்ல. நோய்த் தடுப்பின் ஒரு பகுதி.

2023-இல் உலகெங்கும் 3 கோடிக்கும் மேற்பட்டோர் சுற்றுலாக் கப்பல்களில் பயணித்தனர். கரோனாவுக்கு முந்தைய அளவை அது தாண்டிவிட்டது. இந்தியாவும் 2024 செப்டம்பரில் ‘குரூஸ் பாரத்’ இயக்கத்தைத் தொடங்கி, 2029-க்குள் கப்பல் சுற்றுலாவை இரட்டிப்பாக்கத் திட்டமிட்டிருக்கிறது. துறைமுக முனையங்களுக்கான வரைபடங்கள் வரையப்படும் இந்த நேரத்திலேயே, அவற்றில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கும் தனிமை அறைகளுக்கும் இடம் ஒதுக்கப்பட வேண்டும். கூடவே, லட்சத்தீவு, அந்தமான் போன்ற தீவுகளின் சுகாதார நிலையங்களுக்கான கருவிகளும் அதே திட்டச் செலவில் சேர்க்கப்பட வேண்டும். ஒரு விதி நியாயமானதா என்பதை, அதை எளிதில் நிறைவேற்றக்கூடியவரை வைத்து அளக்க முடியாது. கடைசிக் கிராமத்திலிருந்து கிளம்பும் ஒருவர், அரசின் உதவியோடு அதை நிறைவேற்ற முடிகிறதா என்பதே அதற்கான அளவுகோல்.