குணமாகிவிடும் நாவல்கள்

அமெரிக்காவில் 'இளையோர் நாவல்' என்று தனி அலமாரி போட்டு விற்கப்படுகிற புத்தகங்களில் ஒரு வகை இருக்கிறது. பதினைந்து வயதுப் பையன், அல்லது பெண். ஒரு சிநேகிதம். பிறகு ஒரு சாவு, அல்லது வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு கொடுமை. நூற்றைம்பது பக்கத்துக்கு மௌனம், ஆத்திரம், குற்ற உணர்வு. ஒரு நல்ல வாத்தியார் வருகிறார், அல்லது புதிதாக ஒரு சிநேகிதி. கடைசி அத்தியாயத்தில் அழுகை, அழுகைக்குப் பின் வெளிச்சம். புத்தகம் முடியும்போது பாத்திரம் குணமாகியிருக்கும். படித்தவனும் கூடவே குணமாகிவிட வேண்டும் என்பது எழுதியவர், பதிப்பாளர், பள்ளிக்கூட நூலகர், மனநல ஆலோசகர் எல்லோரும் பேசாமலே செய்துகொண்ட ஏற்பாடு.

இதைப் பற்றி நம் வட்டாரத்தில் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. இது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம், தீவிர இலக்கியக்காரனுக்கு இங்கே வேலையில்லை என்பது ஒன்று. பிள்ளைகளுக்கு உதவுகிறதே, அதற்கு மேல் என்ன கேட்கிறாய் என்பது இன்னொன்று. முதலாவது வெறும் சோம்பல். அலமாரியின் பெயரைப் படித்துவிட்டுப் புத்தகத்தைப் படிக்காமல் விடுவது. இரண்டாவதை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. அது பயனைக் காட்டி விமர்சனத்தின் வாயை அடைக்கிறது. எனக்கு அதனோடுதான் வழக்கு.

புத்தகத்தை மருந்தாகக் கொடுக்கிற யோசனைக்கு 'பிப்லியோதெரபி' என்று பெயர். இந்த வார்த்தையை உண்டாக்கியவர் சாமுவேல் கிராதர்ஸ் என்ற அமெரிக்கப் பாதிரியார், 1916-ல், 'அட்லாண்டிக்' மாத இதழில். அவர் எழுதியது பரிகாசக் கட்டுரை. நோயாளிக்குத் தகுந்த புத்தகத்தைச் சீட்டெழுதிக் கொடுக்கிற ஒரு கற்பனை வைத்தியசாலையை வைத்து அவர் வேடிக்கை பண்ணியிருந்தார். நூறு வருஷத்தில் வேடிக்கை ஸ்தாபனமாகிவிட்டது.

ஸ்தாபனத்துக்குச் சூத்திரங்கள் வேண்டும். அவையும் கிடைத்தன. எலிசபெத் கூப்லர்-ராஸ் 1969-ல் ஐந்து கட்டங்களைச் சொன்னார்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. அவர் பேசியது சாகப்போகிறவர்களைப் பற்றி. அது பின்னால் பறிகொடுத்தவர்களின் துக்கத்துக்கு அட்டவணையாக மாற்றப்பட்டது. 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்ப் பட்டியலின் மூன்றாம் பதிப்பில், வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் நிலைமை அழுத்திக் கேட்டதால், அதிர்ச்சிக்குப் பிந்திய மனநோயைச் சேர்த்தது. 1992-ல் ஜூடித் ஹெர்மன் மீட்சிக்கு மூன்று படிகள் வகுத்தார்: பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துக்கித்தல், மறுபடி மனிதர்களோடு சேர்தல். இந்தப் படிகளை அப்படியே எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்று எச்சரிக்கவும் செய்தார். அவர் மருத்துவர், அவருக்கு எல்லை தெரியும். நாவலாசிரியர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டுப் படிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மூன்று படிகள், மூன்று பாகங்கள், நாவல் தயார்.

இதன் விளைவு விமர்சனத்தில் தெரிகிறது. 2011 ஜூனில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' பத்திரிகையில் மேகன் காக்ஸ் கர்டன் என்ற விமர்சகர், இளையோர் நாவல்களில் இருட்டு மிகுந்துவிட்டது, பிள்ளைகள் கெடுவார்கள் என்று எழுதினார். பதிலுக்கு, இந்தப் புத்தகங்கள் உயிர் காக்கின்றன என்ற முழக்கத்தோடு ஆயிரக்கணக்கானவர்கள் ட்விட்டரில் கிளம்பினார்கள். ஒரு பக்கம் விஷம் என்கிறது, இன்னொரு பக்கம் மருந்து என்கிறது. சண்டை பெரிதுதான். ஆனால் புத்தகம் என்பது உள்ளே போய் வேலை செய்கிற ஒரு வஸ்து என்பதில் இரண்டு கட்சிக்கும் பூரண சம்மதம். தடை செய்யக் கேட்கிறவனும் சீட்டெழுதுகிறவனும் ஒரே கடையில்தான் நிற்கிறார்கள். இந்த வாக்கியம் ஏன் இப்படி இருக்கிறது, இந்தச் சாவு இந்த நாவலுக்குள் என்ன செய்கிறது என்று கேட்கிறவன் மட்டும் வெளியே நிற்கிறான்.

நமக்கு இது புதிய குரல் அல்ல. கதையின் கடைசி வரியில் விடியல் வந்தாக வேண்டும் என்று முற்போக்கு முகாம் கேட்டதும், எழுபதுகளில் நம் சிறுபத்திரிகைகள் அதோடு மல்லுக்கட்டியதும் இங்கே இருப்பவர்கள் அறிந்தவை. அன்று வர்க்கத்துக்காகக் கேட்ட நம்பிக்கையை இன்று மனநலத்துக்காகக் கேட்கிறார்கள். கேட்கிறவர் மாறிவிட்டார், எழுத்தாளன் கட்ட வேண்டிய கப்பம் மாறவில்லை. அன்று கொடுக்க மாட்டேன் என்றவர்கள், இன்று கேட்பது பிள்ளைகளின் பெயரால் என்பதற்காகக் கொடுத்துவிடலாமா?

புத்தகங்களுக்கு வருகிறேன். ஜான் கிரீனின் 'லுக்கிங் ஃபார் அலாஸ்கா' 2005-ல் வந்தது, அடுத்த வருஷம் பிரின்ட்ஸ் பரிசு பெற்றது. 2015-ல் அமெரிக்க நூலகங்களில் அதிக எதிர்ப்பைச் சந்தித்த புத்தகம் இதுதான். இதை எதிர்த்தவர்களோடு எனக்கு எந்த உறவும் இல்லை. என் ஆட்சேபம் வேறு. விடுதிப் பள்ளி, மைல்ஸ் என்ற பையன், அலாஸ்கா என்ற பெண். ஒரு ராத்திரி அவள் குடித்த நிலையில் காரை எடுத்துக்கொண்டு போகிறாள். அவளைத் தடுக்காததோடு, காவலிருக்கும் ஆசிரியரைத் திசைதிருப்பப் பட்டாசு கொளுத்தி வழியும் பண்ணிக் கொடுக்கிறார்கள் மைல்ஸும் அவன் நண்பனும். அவள் செத்துப்போகிறாள். விபத்தா தற்கொலையா என்பது யாருக்கும் தெரியாது. இதுவரை நாவல் உயிரோடிருக்கிறது. ஆனால் இந்த நாவலின் அத்தியாயங்கள் நாட்களை எண்ணிக்கொண்டு போகின்றன: 136 நாட்களுக்கு முன் என்று ஆரம்பித்து, 136 நாட்களுக்குப் பின் என்று முடிகின்றன. வரவும் செலவும் நேராகிவிட்டன. கடைசியில் மைல்ஸ் சமய வகுப்புப் பரீட்சைக்கு ஒரு கட்டுரை எழுதுகிறான். அதில் மன்னிப்பு வந்துவிடுகிறது, அவள் தன்னை மன்னிப்பாள் என்பதும் சேர்த்து. மன்னிக்க வேண்டியவள் செத்துப்போனவள். அவள் சார்பில் கையெழுத்துப் போடுவது யார்? பட்டாசு கொளுத்தியவன். ஒரு பெண் செத்து ஒரு பையன் பரீட்சைக் கட்டுரை எழுதுகிறான் என்பதை நாவல் தரிசனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

ஜே ஆஷரின் 'தர்ட்டீன் ரீசன்ஸ் வொய்' (2007) இந்தக் கணக்கை இன்னும் வெளிப்படையாகப் போடுகிறது. இறந்துபோன ஹன்னா ஏழு ஒலிநாடாக்களை விட்டுச்செல்கிறாள். ஒரு ராத்திரி முழுக்க அவற்றைக் கேட்கும் க்ளே, கடைசியில் ஒதுங்கி நிற்கிற வேறொரு பெண்ணிடம் பேசப் போகிறான். பாடம் கற்றாகிவிட்டது. ஹன்னாவின் சாவு ஒரு வகுப்பு. செத்தவள் வாத்தியார், உயிரோடிருப்பவன் மாணவன். இந்த வகை நாவலின் அடிப்படை அநியாயம் இதுதான்: இறந்த சிநேகிதிக்குச் சொந்தமாக ஒரு சாவுகூடக் கிடையாது. அதுவும் இருப்பவனின் வளர்ச்சிக்கு எருவாகப் போகிறது.

வேறு மாதிரி எழுத முடியாதா? எழுதியிருக்கிறார்கள், இதே அலமாரியில், இதற்குப் பக்கத்து அலமாரியில். காதரின் பாட்டர்சனின் 'பிரிட்ஜ் டு டெராபிதியா' 1977-ல் வந்தது. சிறார் நாவல் என்றே நியூபெரி பரிசு வாங்கியது. பாட்டர்சனின் மகனுடைய சிநேகிதி ஒருத்தி 1974-ல் மின்னல் தாக்கி இறந்ததிலிருந்து பிறந்த புத்தகம். ஜெஸ் என்ற பையன் தனக்குப் பிரியமான சங்கீத ஆசிரியையோடு வாஷிங்டனுக்குச் சித்திரக்கூடம் பார்க்கப் போகிறான். லெஸ்லியையும் கூப்பிட்டிருக்கலாமே என்பது அவனுக்கு வழியில்தான் தோன்றுகிறது. டீச்சரோடு தனியாகப் போவதில் உள்ளூரச் சந்தோஷமும் இருக்கிறது. அன்றைக்கு லெஸ்லி தனியாக ஓடைக்குப் போகிறாள், ஊஞ்சல் கயிறு அறுந்து மூழ்கிப்போகிறாள். செய்தி கேட்ட பிறகு ஜெஸ்ஸின் மனசில் ஓடுகிறவற்றில் ஒன்று, ஐந்தாம் வகுப்பிலேயே வேகமாக ஓடுகிறவன் இனி தான்தான் என்பது. இந்த ஒரு எண்ணத்துக்காக பாட்டர்சனை எழுந்து நின்று வணங்கலாம். எந்த ஆலோசகரும் தன் அட்டவணையில் இதற்குக் கட்டம் ஒதுக்கியிருக்க மாட்டார். அவள் பரிசாகக் கொடுத்த வண்ணங்களை அவன் ஓடையில் வீசுகிறான், பின்னாலேயே வந்த தங்கையை அடிக்கிறான். கடைசியில் பலகைகளை வைத்துப் பாலம் கட்டித் தங்கையை அக்கரைக்குக் கூட்டிப்போகிறான். இதைக் குணமானதாக நான் வாசிக்கவில்லை. இறந்தவளிடம் வாங்கிய கடனை அவளுக்குத் திருப்ப முடியாதவன் வேறொருவருக்குக் கொடுக்கிறான். கடன் அப்படியே இருக்கிறது. இந்தப் புத்தகமும் தொண்ணூறுகளில் பலமுறை தடை கேட்கப்பட்டது என்பதில் ஆச்சரியமில்லை.

லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் 'ஸ்பீக்' (1999) நடுவில் நிற்கிறது. கோடை விருந்தொன்றில் பலாத்காரத்துக்கு உள்ளான மெலிண்டா போலீசைக் கூப்பிட்டதால் சிநேகிதிகளை இழக்கிறாள். காரணத்தை யாரிடமும் சொல்ல அவளால் முடியவில்லை. அவனுக்கு நெடுநேரம் பெயர்கூடக் கிடையாது, 'அது' என்கிறாள். வெளியே ஊமையானவள் உள்ளே கூர்மையாகப் பரிகாசம் பேசிக்கொண்டேயிருக்கிறாள். இந்த முரண்தான் நாவலின் உயிர். பள்ளியின் நாலு மதிப்பெண் பருவங்களே நாவலின் நாலு பாகங்கள். ஸ்தாபனத்தின் காலம் ஒரு பெண்ணின் வேதனைமேல் எப்படிச் சவாரி செய்கிறது என்பதை அந்த அமைப்பே சொல்லிவிடுகிறது. ஆனால் முடிவில் அவன் மறுபடி வருகிறான், அவள் கத்துகிறாள், எதிர்த்து ஜெயிக்கிறாள், விளையாட்டுக்காரப் பெண்கள் கதவுக்கு வெளியே வந்து சேர்கிறார்கள். பேச்சு திரும்புவதற்கு ஒரு சண்டைக் காட்சி வேண்டியிருந்தது என்பது நாவலின் தேவை அல்ல, அலமாரியின் தேவை. வருஷம் முழுக்க ஓவிய வகுப்பில் ஒரு மரத்தை வரைய முயன்று தோற்றுக்கொண்டிருந்தாளே, அந்தத் தோல்விகளே போதுமானவையாக இருந்தன.

2007-ல் புற்றுநோயால் இறந்த ஷிவான் டௌட் விட்டுச்சென்ற யோசனையை எடுத்து பாட்ரிக் நெஸ் எழுதிய 'எ மான்ஸ்டர் கால்ஸ்' 2011-ல் வந்தது. கானருக்குப் பதின்மூன்று வயது, தாய்க்குப் புற்றுநோய், அந்தச் செய்தியை ஊருக்குச் சொல்லிவிட்டாள் என்பதற்காகச் சிநேகிதி லில்லியோடு பேச்சை நிறுத்திவிடுகிறான். ராத்திரி வருகிற பூதம் மூன்று கதைகள் சொல்லி, நாலாவதாக அவன் உண்மையைக் கேட்கிறது. எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடாதா என்று அவன் விரும்பினான். முடிவது என்றால் தாய் சாவது. அந்த உண்மையைச் சொன்னதற்குப் பிரதியாக அவனுக்கு எதுவும் கிடைப்பதில்லை. தாய் பிழைப்பதில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதோடு நாவல் நின்றுவிடுகிறது. பிற்பாடு அவன் தேறினானா என்பது நெஸ் எழுத மறுத்த அத்தியாயம். மறுத்ததில் இருக்கிறது அவர் யோக்யதை.

ராபர்ட் கார்மியர் இதற்கெல்லாம் முன்பே, 1974-ல், 'தி சாக்லேட் வார்' எழுதினார். தாயைப் பறிகொடுத்த ஜெர்ரி பள்ளிக்கூடத்துக்காகச் சாக்லேட் விற்க மாட்டேன் என்கிறான். அவன் பெட்டிக்குள் ஒட்டியிருக்கிற படத்தில் இருப்பது எலியட்டின் ஒரு வரி. கடைசியில் அடிபட்டுக் கிடந்து, எதிர்த்து நிற்காதே, அவர்கள் சொல்வதைச் செய்துவிடு என்று சிநேகிதனுக்குச் சொல்ல முயல்கிறான். முடிவை மாற்றச் சொன்ன பதிப்பாளர்களுக்குக் கார்மியர் இணங்கவில்லை. தோல்வியைத் தோல்வி என்றே சொல்லலாம், பதினைந்து வயது வாசகன் அதைத் தாங்குவான் என்று அவர் நம்பினார். இளையோர்மேல் வைக்கப்பட்ட மரியாதை என்று நான் சொல்வது இதைத்தான்.

ஒரு ஆட்சேபம் வரும். நிஜமாகவே அடிபட்ட ஒரு பெண் 'ஸ்பீக்'கைப் படித்துவிட்டு முதல்முறையாக வாய் திறந்தாள் என்றால் உன் விமர்சனம் எதற்கு? அப்படித் திறந்தவர்கள் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் அவளைப் பேச வைத்தது மெலிண்டாவின் வெற்றி என்று யார் கண்டது? பேச முடியாத அந்த நூற்றைம்பது பக்கங்களில் தன் மௌனத்தைச் சரியான வார்த்தைகளில் பார்த்ததாக இருக்கலாம். கலை உதவுகிறது என்றால் அதன் துல்லியத்தால் உதவுகிறது. துல்லியத்தைக் கெடுத்துவிட்டு உதவி வாங்க முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. குறித்த பக்கத்தில் குணமாகிவிடுகிற பாத்திரத்தைப் படித்துவிட்டு, ஒரு வருஷமாகியும் குணமாகாத பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்ளும்? கதாநாயகிக்கு முடிந்தது எனக்கு முடியவில்லை என்றுதானே? நம்பிக்கை தருவதாகச் சொல்லிக்கொள்கிற புத்தகம் அவள் தலையில் இன்னொரு தோல்வியை ஏற்றுகிறது.

துக்கத்துக்கு நம் பழைய இலக்கணக்காரர்கள் வைத்த துறையின் பெயர் கையறுநிலை. செய்ய ஒன்றுமில்லாத நிலை. அங்கே தேறுதல் என்று அடுத்த துறை கிடையாது. பாரி மகளிர் பாடியதாக இருக்கிற புறநானூற்றுப் பாட்டு ஐந்தே அடி. தகப்பனையும் மலையையும் இழந்த அந்தப் பெண்கள் ஐந்தடியில் எங்கும் தேறுவதில்லை. இரண்டாயிரம் வருஷமாக அதை யாரும் மருந்தென்று சீட்டெழுதிக் கொடுக்கவில்லை, விஷமென்று பூட்டி வைக்கவுமில்லை. படித்துக்கொண்டிருக்கிறோம்.

பிள்ளைகள் குணமாகட்டும். அதற்கு மனிதர்கள் வேண்டும், வைத்தியர் வேண்டும், காலம் வேண்டும். நாவலின் வேலை செத்துப்போன சிநேகிதியை அவளுக்குரிய இடத்தில், யாருடைய முன்னேற்றத்துக்கும் படிக்கட்டாக்காமல், செத்தவளாகவே வைத்திருப்பது. அதைச் செய்கிற புத்தகம் எந்த அலமாரியில் இருந்தாலும் இலக்கியம். செய்யாத புத்தகத்தை, ஆயிரம் பிள்ளைகள் அழுதார்கள் என்பதற்காக, நாம் இலக்கியம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.