அரண்டவன் எழுதிய சட்டங்கள்

எதிரி பலமாக இருந்தால்தான் நாடு உருப்படும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. சொல்பவர்கள் தவறாமல் ஸ்புட்னிக்கைத் துணைக்கு அழைப்பார்கள். 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் யூனியன் 83.6 கிலோ உருண்டை ஒன்றை வானில் ஏற்றியது. தூங்கிக்கொண்டிருந்த அமெரிக்கா பதறி எழுந்து கல்விக்குக் கோடிக்கணக்கான டாலரைக் கொட்டியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அமெரிக்கா தூங்கவில்லை. கல்விக்கு மத்திய அரசு நிதி தரவேண்டும் என்று அலபாமாவின் லிஸ்டர் ஹில், கார்ல் எலியட் போன்ற நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதற்கு முன்பே போராடிக்கொண்டிருந்தார்கள். வாஷிங்டன் பணம் வந்தால் கூடவே கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையர் பள்ளிக்குள் வந்துவிடுவார்கள் என்று தெற்கத்திய உறுப்பினர்கள் பலர் முட்டுக்கட்டை போட்டார்கள். ஸ்புட்னிக் செய்ததெல்லாம் பழைய கோரிக்கைக்குப் பட்டாளத்துச் சட்டை மாட்டிவிட்டதுதான். 1958 செப்டம்பரில் அதிபர் ஐசனாவர் கையெழுத்திட்டதன் பெயரே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம்!

சட்டைக்குக் கூலியும் கேட்டார்கள். அரசைக் கவிழ்க்க நினைக்கும் எந்த அமைப்பிலும் தனக்கு நம்பிக்கை இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் மாணவனுக்குக் கடன். ஹார்வர்டும் யேலும் 1959இல் அந்தக் கடன் திட்டமே வேண்டாமென்று விலகின. 1962இல்தான் அந்த நிபந்தனை போனது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஏவுகணையில் ரஷ்யா முந்திவிட்டது என்று 1960 தேர்தலில் கென்னடி முழங்கினார். மறு ஆண்டு உளவுச் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தால், அமெரிக்காவைத் தாக்கவல்ல ஏவுதளங்கள் ரஷ்யாவிடம் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தன. முந்தியிருந்தது அமெரிக்கா. அதற்காக யாரும் கையைக் கட்டிக்கொள்ளவில்லை. மினிட்மேன் ஏவுகணைகள் மட்டும் ஆயிரம் குழிகளில் இறங்கின.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளிகளில் நிறப்பாகுபாட்டை எதிர்த்த பிரவுன் வழக்கில், இந்தப் பாகுபாடு கம்யூனிஸ்டுகளின் பிரச்சாரத்துக்குத் தீனி போடுகிறது என்று 1952இல் அமெரிக்க நீதித்துறையே உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டது. பயத்தால் விளைந்த நன்மை என்றே வைத்துக்கொள்வோம். ஊரார் என்ன சொல்வார்களோ என்பதற்காக வாசலை மட்டும் பெருக்குகிற வீடு, உள்ளே கிடக்கும் குப்பையை வெளியே சொல்பவனை என்ன செய்யும்? கறுப்பினத்தவரின் துயரத்தை உலக மேடைகளில் பேசிய பாடகர் பால் ராப்சனின் பாஸ்போர்ட்டை 1950இல் முடக்கினார்கள். திரும்பக் கிடைத்தது 1958இல். அதுவும் வேறொருவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு.