இருளும் அமைதியும் செல்வமே

செல்வம் யாது என வினவினால், பொன் என்பர் சிலர். நெல் என்பர் சிலர். நிலம் என்பர் வேறு சிலர். இருளையும் அமைதியையும் செல்வம் எனக் கூறுவார் மிக அரியர். ஆயினும், ஒரு நாடு விழிப்புடன் காத்தற்குரிய செல்வங்களுள் இவ்விரண்டும் அடங்கும் என்பதே என் துணிபு.

திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலைமீது காவலூர் என்னும் சிற்றூர் உள்ளது. வானியல் அறிஞர் வைணு பாப்பு, நகர விளக்கொளி எட்டாத வானை நாடி அவ்விடத்தைத் தேர்ந்தார். அவர் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கு 1986ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. அங்குள்ள இருளே அதற்கு உயிர்.

எனினும், ஒளியைக் காணும் கருவிக்குப் புலனாகாத பொருளும் வானில் உண்டு. விண்மீன்கள் பிறத்தற்கு மூலப்பொருள் ஹைட்ரஜன் வளி. குளிர்ந்த ஹைட்ரஜன் அணுக்கள் கண்காணும் ஒளியை வீசுவதில்லை. 21 சென்டிமீட்டர் நீளமுள்ள வானொலி அலையையே மெல்லென விடுக்கின்றன. அதனைக் கேட்கும் செவிகளை நம் நாட்டிற்கு ஆக்கித் தந்தவர் கோவிந்த் ஸ்வரூப் என்னும் அறிஞர். 530 மீட்டர் நீளமுள்ள உதகை வானொலித் தொலைநோக்கி அவர் முயற்சியால் 1970ஆம் ஆண்டு எழுந்தது. பின்னர்ப் புணே நகருக்கு வடக்கே, ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகளை நிறுவியவரும் அவரே.

அண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு. ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்மீன்கள் மிகுதியாகப் பிறந்தன. இன்றோ அதில் பத்திலொரு பங்கே பிறக்கின்றன. இத்தளர்ச்சிக்குக் காரணம் என்ன? புணே அலைவாங்கிகளைக் கொண்டு நம் ஆய்வாளர் 2020ஆம் ஆண்டு விடை கண்டனர். 800 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட அலை, அண்டம் விரிதலால் ஏறத்தாழ இருமடங்கு நீண்டு, மிக நலிந்து வருகிறது. ஒருவர் முணுமுணுத்தால் நமக்குக் கேளாது; ஆயிரவர் ஒரே சொல்லை ஒருங்கே முணுமுணுத்தால் கேட்கும் அன்றோ? அதுபோல் 7,653 விண்மீன் கூட்டங்களின் அலைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தனர். அவற்றில் இருந்த ஹைட்ரஜன், அன்றைய வேகத்தில் விண்மீன்கள் பிறந்தால், 100 முதல் 200 கோடி ஆண்டுகளுக்கே போதும் எனக் கண்டனர். குதிரில் நெல் தீர்ந்து, புதுநெல்லும் வந்து சேராவிடின் உலை ஓயும். விண்மீன் பிறப்புத் தளர்ந்ததும் அவ்வாறே.

இத்துணை நுண்ணிய அலையைக் கைப்பேசிக் கோபுரம் ஒன்றின் அலை எளிதில் மூழ்கடித்துவிடும். மலையடி ஊர்களின் விளக்கொளி காவலூர் வானை வெளுக்கச் செய்யும். மலைவாழ் மக்கள் இருளில் உழல வேண்டுமோ எனச் சிலர் வினவலாம். வேண்டா. விளக்கிற்கு மேல்மூடி இட்டால் ஒளி வழியில் விழும், வானிற்குச் செல்லாது. கோபுரங்களையும் ஆய்வகங்களுக்கு அணுக்கமாக எழுப்பாது, தொலைவில் முறைப்படி அமைக்கலாம். மக்கள் நலனும் அறிவும் தம்முள் பகையல்ல.

மாணவர்களே! வெட்டிய காட்டை நட்டு வளர்க்கலாம். வானிலிருந்து இன்றிரவு வந்த அலையோ, நாம் கேளாது விட்டால் மீண்டு வாராது. ஆதலின், இருளையும் அமைதியையும் ஏரியையும் காட்டையும் போலப் பொதுச் செல்வமாகப் போற்றுதல் நம் கடன்.